ஓடுபவரின் இதயம் பெரிதாகியிருக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி இது: வயது 42, ஆண். மூன்று வருடமாக வாரம் ஐந்து நாள், மொத்தம் 50 கிலோமீட்டர் போல ஓடுகிறார். வழக்கமான உடல் பரிசோதனையில் நாடித் துடிப்பு 46. ஈசிஜி தாளில் துடிப்பு குறைவு, இடது கீழறை தடித்திருக்கலாம் என்று இயந்திரமே அச்சடித்திருக்கிறது. எக்கோவில் (இதயத்தின் ஒலியலைப் படத்தில்) சுவர் தடிமன் 12 மி.மீ., கீழறை விட்டம் 57 மி.மீ., இஎஃப், அதாவது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கு, 53 சதவீதம். ரத்த அழுத்தம் 128/82. நெஞ்சு வலி இல்லை. ஒரே ஒரு முறை, அரை மாரத்தான் முடித்து நின்றதும் கண் இருட்டியது. நண்பர் ஒருவர் "இதயம் வீங்கிவிட்டது, நிறுத்து" என்று சொன்ன நாளிலிருந்து ஓடும்போதெல்லாம் கடிகாரத்தையே பார்க்கிறார். அது 184 காட்டுகிறது, படபடப்பு கூடுகிறது, பாதியில் திரும்பிவிடுகிறார். இது நோயா, பயிற்சியின் விளைவா, இன்னும் என்ன சோதனை தேவை, இந்தப் பயம் போக என்ன வழி?

முதலில் நேரான பதில். இந்த அளவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், நீண்ட தூரம் ஓடும் ஒருவரின் இதயம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. ஆனால் படுத்துக்கொண்டு எடுத்த அளவுகள் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிப் பாதி வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: முழு வேகத்தில் ஓடும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதிலும், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் திடீரென்று ஏதாவது ஆனதா என்பதிலும். பல ஓட்டக்காரர்கள் எக்கோ தாளை மனப்பாடமாகச் சொல்வார்கள், இந்த இரண்டையும் மருத்துவரிடம் சொல்லவே மாட்டார்கள். நீங்கள் இரண்டாவதைக் கேள்வியில் எழுதவில்லை. அதைக் கேட்டறிந்த பிறகுதான் கீழே சொல்லும் ஆறுதல் முழுமையாகப் பொருந்தும்.

விளையாட்டு வீரர்களின் இதயம் பெரிதாக இருப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1899-இல் ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷன் பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்தே இதைச் சொல்லிவிட்டார். காரணம் எளிது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. உலகத் தரத்து நீண்ட தூர வீரர் உச்ச உழைப்பில் 35 லிட்டரைத் தாண்டுகிறார். துடிப்பு எண்ணிக்கைக்கு ஒரு மேல் வரம்பு இருப்பதால், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தைக் கூட்டுவதுதான் வழி. அதற்குக் கீழறை விரிகிறது, விரிந்த அறையின் அழுத்தத்தைத் தாங்க சுவரும் கொஞ்சம் தடிக்கிறது. ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் போவதால் ஓய்வில் 70 முறை துடிக்கத் தேவையில்லை, 46 போதும். துடிப்பை மெதுவாக்கும் வாகஸ் நரம்பின் அடக்கம் கூடுவது இதற்கு ஒரு காரணம். இதயத்தின் துடிப்பைத் தொடங்கி வைக்கும் செல்களே பயிற்சியால் மாறுகின்றன என்றும் விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். துடிப்பு குறைவாக இருந்தாலே உடல்தகுதி கூடிவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. ஓட்டத்தை ஏற்றிக்கொண்டே சாப்பாட்டைக் குறைப்பவர்களுக்கும் உடம்பு சிக்கனத்துக்குப் போய், துடிப்பு இறங்கும். எடை குறைந்துகொண்டே வருகிறது, எப்போதும் குளிர்கிறது, தூக்கம் கெட்டிருக்கிறது, பெண்களுக்கு மாதவிடாய் நின்றிருக்கிறது, எலும்பில் மெல்லிய விரிசல் வருகிறது என்றால், அந்தக் குறைந்த துடிப்பு பெருமைக்குரியது அல்ல. ஆற்றல் பற்றாக்குறையின் அடையாளம் அது. அங்கே தேவைப்படுவது சாப்பாடும் ஓய்வும்.

இனி ஈசிஜி. தாள் நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடுகிறது, ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள பெரிய கட்டங்களை எண்ணி 300-ஐ அதனால் வகுத்தால் துடிப்பு கிடைக்கும். உங்கள் தாளில் ஆறரைக் கட்டம் இருக்கும், அதுதான் 46. கூர்மையான அலைகள் உயரமாக இருப்பதைப் பார்த்து இயந்திரம் "தடித்திருக்கலாம்" என்று எழுதுகிறது. எதிரே படுத்திருப்பவர் ஓட்டக்காரரா, பல வருடம் ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டவரா என்று அதற்குத் தெரியாது. 2017-இல் வந்த சர்வதேச அளவுகோல்கள் விளையாட்டு வீரர்களுக்கென்றே ஈசிஜியைப் படிக்கும் முறையை வகுத்திருக்கின்றன. அதன்படி 30 வரை இறங்கிய துடிப்பு, அலை உயரம் மட்டும் கூடியிருப்பது, மின்தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரமான பிஆர் இடைவெளி 200 மில்லிநொடியைத் தாண்டி லேசாக நீண்டிருப்பது, இதயத்தின் மின்பாதையில் வலது கிளையில் முழுமையில்லாத தடை ஆகிய எல்லாமே பயிற்சியின் விளைவுகள். அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லையென்றால் இவற்றுக்காக மேல்சோதனை வேண்டாம்.

அதே தாளில் வேறு சில வந்தால் கதை மாறும். இதயத்தின் பக்கவாட்டைக் காட்டும் பதிவுகளில் (லீடுகளில்), அதாவது வி5, வி6 போன்றவற்றில், டி அலை தலைகீழாக இருப்பது, எஸ்டி பகுதி கீழிறங்கியிருப்பது, ஆழமான க்யூ அலைகள், இடது கிளை முழுத் தடை, க்யூடிசி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையின் மின் செயல்பாடு முடிய எடுக்கும் நேரத்தைத் துடிப்பு வேகத்துக்கேற்பச் சரிசெய்த அளவு, ஆணுக்கு 470 மில்லிநொடி அல்லது அதற்கு மேல், பெண்ணுக்கு 480 அல்லது அதற்கு மேல், 10 நொடித் தாளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கீழறை முன்துடிப்புகள் (முறைக்கு முன்பே கீழறையில் தோன்றும் கூடுதல் துடிப்புகள்). இவை எவ்வளவு ஓடினாலும் பயிற்சியால் வருபவை என்று ஒதுக்கக் கூடியவை அல்ல. எனவே தாளின் மேலே இயந்திரம் அச்சடித்த வாக்கியத்தை விட்டுவிட்டு, இந்த அளவுகோல்களை வைத்துப் படிக்கத் தெரிந்த மருத்துவரிடம் தாளையே காட்டுங்கள். துடிப்பு 50-க்குக் கீழே இருந்து க்யூடி கணக்கில் சந்தேகம் வந்தால், சிறிது நேரம் நடந்துவிட்டு மறுபடி எடுத்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

எக்கோவில் எல்லோரும் பயப்படுவது சுவர் தடிமனைப் பார்த்துத்தான். இத்தாலிய விளையாட்டு இதய மருத்துவர் பெல்லிச்சியாவின் குழு 1991-இல் 947 உயர்மட்ட வீரர்களை அளந்தபோது 16 பேருக்கு மட்டுமே சுவர் 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தது. 13 முதல் 15 வரை சந்தேகப் பகுதி. பயிற்சியாகவும் இருக்கலாம், மரபுவழி வரும் இதயத் தசைத் தடிப்பு நோயாகவும் இருக்கலாம். உங்களுடைய 12 அதற்குக் கீழே இருக்கிறது. பெண் வீரர்களிடம் 12-ஐத் தாண்டுவதே அபூர்வம், ஆகவே ஒரே எண் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருள் தராது.

சுவரைத் தனியாகப் பார்க்காமல் அறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தசைத் தடிப்பு நோயில் சுவர் உள்நோக்கித் தடிப்பதால் அறை சுருங்கும், 45 மி.மீ.க்குக் கீழே போனால் நோயின் பக்கம் சாயும். பயிற்சியில் அறை விரியும், 55-ஐத் தாண்டினால் பயிற்சியின் பக்கம் சாயும். உங்களுடையது 57. இதே பெல்லிச்சியா 1999-இல் 1,309 வீரர்களை அளந்தார். 45 சதவீதம் பேருக்கு அறை 55 அல்லது அதற்கு மேல், 14 சதவீதம் பேருக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தது.

அடுத்து இஎஃப் 53. "சாதாரணமாக 60 இருக்க வேண்டுமே" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அறையில் 120 மில்லி ரத்தம் நிறைந்து அதில் 60 சதவீதம் வெளியேறினால் 72 மில்லி. உங்கள் அறையில் 160 மில்லி நிறைகிறது என்று வைத்துக்கொண்டால், 53 சதவீதமே 85 மில்லி ஆகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு அதற்கு மேல் தேவையில்லை. பலவீனமான இதயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஓய்வில் தெரியாது. உழைப்பில் இஎஃப் ஏறுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். பயிற்சி இதயம் ஓடவிட்டதும் இறுகிப் பிழிந்து நன்றாக ஏறும். நோயுற்ற தசை ஏறாமல் தடுமாறும். ஆகவே உங்களுக்கு இன்னும் ஒரு சோதனை செய்யத் தகுந்தது என்றால், அது உழைப்புடன் சேர்த்து எடுக்கும் எக்கோ. அப்படியும் சந்தேகம் தீராதவர்களுக்கு இதய எம்ஆர்ஐ, அல்லது மூன்று மாதம் பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடி அளப்பது. பயிற்சியால் தடித்த சுவர் அதற்குள் இறங்கிவிடும், நோயால் தடித்தது இறங்காது. மூன்று மாத ஓய்வு ஓடுபவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்த மருத்துவர் இதைக் கடைசியாகத்தான் எடுப்பார். உங்களுக்கு இப்போது அது தேவைப்படும் நிலை இல்லை.

ரத்த அழுத்தம் 128/82 என்பதைச் சும்மா விடாதீர்கள். உயர் ரத்த அழுத்தமும் சுவரைத் தடிக்க வைக்கும். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து இரண்டிரண்டு முறை அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். 135/85-ஐத் தொட்டால் அதற்குத் தனியாகச் சிகிச்சை பேச வேண்டும்.

கண் இருட்டிய விஷயத்துக்கு வருவோம். எப்போது என்பதுதான் இதில் எல்லாமே. ஓட்டத்தில் கால் தசைகள் ஒவ்வொரு அடியிலும் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. கோட்டைத் தாண்டி சட்டென்று நின்றுவிட்டால் அந்தப் பம்பு நின்றுபோகிறது, விரிந்திருக்கும் ரத்தக் குழாய்களில் ரத்தம் தேங்கி, தலைக்குப் போவது குறைகிறது. நின்றபின் வரும் மயக்கம் பெரும்பாலும் இதுதான். முடித்த பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் நடந்துகொண்டே இருந்தால் வராது. வந்துவிட்டால் படுத்துக் காலை உயர்த்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேகம் குறையும் முன்பே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சரிந்தால் அது வேறு. அது ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும், இதய மருத்துவர் பார்த்து முடிக்கும் வரை அடுத்த ஓட்டம் கூடாது.

இதே கண்டிப்போடு பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. மேடு ஏறும்போது நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ ஒரு அழுத்தம் வந்து, நின்றால் சில நிமிடத்தில் விலகி, அதே வேகத்தில் ஓடினால் மறுபடி வருவது. முன்பு எளிதாக ஓடிய வேகத்தில் சில வாரங்களாக மூச்சு வாங்குவது. சுவிட்சைப் போட்டதுபோல் துடிப்பு திடீரென்று ஏறி, அதே போல் திடீரென்று இறங்குவது. குடும்பத்தில் 50 வயதுக்கு முன் திடீர் மரணம், காரணம் தெரியாமல் நீரில் மூழ்கியது, காரணமே இல்லாமல் வண்டி தடம் மாறி விபத்து. கடைசி இரண்டையும் யாரும் இதயத்தோடு சேர்த்துச் சொல்வதில்லை. பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

35 வயதுக்கு மேல் ஓடுபவர்களுக்குப் பெரும்பாலான அபாயம் தசைத் தடிப்பில் இல்லை, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் படியும் கொழுப்பில் இருக்கிறது. இளைஞர்களின் திடீர் மரணத்தில் மரபுவழி நோய்கள் பெரும் பங்கு வகிக்கின்றன. நடுவயதில் குழாய் அடைப்பே முன்னால் நிற்கிறது. ஆக உங்கள் வயதில் கெட்ட கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது எக்கோவை மறுபடி எடுப்பதைவிட முக்கியம். நிறைய ஓடுகிறேன், கொழுப்பு என்ன செய்யும் என்ற எண்ணம் ஓடுபவர்களிடம் அதிகம், தவறானதும்கூட.

குழாய் அடைப்பைத் தேட, ஓடவிட்டு ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் சோதனையில் இரண்டு விஷயம். ஒன்று, ஓடுபவருக்கு வயதுக்குக் கணக்கிட்ட உச்சத் துடிப்பில் 85 சதவீதம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் சோதனை அரைகுறை. களைத்து இனி முடியாது என்று சொல்லும் வரை போக வேண்டும். முடித்த முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். மெதுவாக நடக்கும்போது அந்த ஒரு நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கினால் நல்லதல்ல. பயிற்சி உள்ளவர்களுக்கு இதைவிட மிக அதிகமாகவே இறங்கும். இரண்டு, சோதனை இயல்பாக வந்ததால் மாரடைப்பு வராது என்று உறுதி கிடையாது. ஏறக்குறைய 70 சதவீதம் குறுகிய குழாயைத்தான் இந்தச் சோதனை பிடிக்கும். மாரடைப்போ சில நேரம் 40 சதவீத அடைப்பில் உள்ள படிவு வெடித்துக்கூட வரும். நல்ல ரிசல்ட் வந்த பிறகும் ஓட்டத்தில் நெஞ்சு அழுத்தினால், ரிசல்ட்டை நம்பாமல் நெஞ்சை நம்புங்கள்.

மொத்த அபாயம் எவ்வளவு என்று பார்த்தால் பயத்தின் அளவு சரியாகும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1.09 கோடி பேரை வைத்து ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. 59 பேருக்கு இதயம் நின்றது, 42 பேர் இறந்தார்கள். லட்சத்துக்கு 0.54. முழு மாரத்தானில் 1.01, அரை மாரத்தானில் 0.27. ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.16. உழைப்பின் அந்த ஒரு மணி நேரத்தில் அபாயம் கொஞ்சம் ஏறுவது உண்மை. ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. 1993-இல் மிட்டில்மன் குழு மாரடைப்பு வந்தவர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்தபோது, வாரத்துக்கு ஒரு முறைகூடக் கடினமாக உழைக்காதவர் திடீரென்று கடினமாக உழைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் அபாயம் 107 மடங்கு, வாரம் ஐந்து முறை அல்லது அதற்கு மேல் உழைப்பவருக்கு 2.4 மடங்கு. ஓட்டத்தை முழுதாக நிறுத்திவிட்டு, ஒரு வருடம் கழித்து நண்பர்களோடு பந்தயம் கட்டி ஓடுவதுதான் உங்களால் எடுக்க முடிந்த மிக மோசமான முடிவு.

நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. 1966-இல் டல்லாஸில் 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. 30 வருடம் கழித்து அதே ஐவரை அளந்தபோது, முப்பது வருட முதுமை அந்தத் திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரம் அதிகம் குறைத்திருந்தது. மாறாக, உட்கார்ந்தே வேலை செய்த 45 முதல் 64 வயதினரை இரண்டு வருடம் முறையாகப் பயிற்சி செய்ய வைத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் உச்சத் திறன் 18 சதவீதம் உயர்ந்தது, விறைத்துப்போன இதயத் தசையும் நெகிழ்ந்தது. பல பத்தாண்டுகள் மிக நீண்ட தூரப் பந்தயங்கள் ஓடுபவர்களுக்கு மேலறைத் துடிப்புச் சீர்கேடு கொஞ்சம் கூடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஸ்வீடனின் வாசாலோப்பெட் பனிச்சறுக்கு வீரர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்ததில், அதிக முறை பங்கெடுத்தவர்களிடம் அது அதிகம் தெரிந்தது. வாரம் 50 கிலோமீட்டர் என்பது அந்த எல்லையில் இல்லை.

கடிகாரம் காட்டும் 184-ஐ எடுத்துக்கொள்வோம். மணிக்கட்டுக் கருவி தோலுக்குள் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் அசைவைப் படிக்கிறது. கை வீசும் அசைவும் அதே தாளத்தில் வருவதால், சில நேரம் துடிப்பை விட்டுவிட்டு காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. ஓடும்போது வலது கால் தரையைத் தொடுவதை 15 நொடி எண்ணுங்கள். 23 வந்தால் நான்கால் பெருக்கி 92, இரண்டு காலுக்கும் 184. கடிகாரமும் 184 காட்டினால் அது உங்கள் இதயம் அல்ல, உங்கள் செருப்பு. உறுதி செய்ய நெஞ்சுப் பட்டை அணியுங்கள். பட்டையின் உட்புறத்தை நீரில் நனைத்து, மார்புக்குக் கீழே நழுவாதபடி இறுக்கிக் கட்டினால்தான் சரியாக வரும். காய்ந்த பட்டையும் முதல் பத்து நிமிடம் அபத்தமான எண்களைக் காட்டும்.

உண்மையிலேயே 184 என்றாலும் அதற்காகப் பதற வேண்டாம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 178. அந்தச் சூத்திரம் ஒரு சராசரி மட்டுமே. ஒரே வயதுள்ளவர்களிடையே மேலும் கீழும் 10, 12 துடிப்பு வித்தியாசம் சர்வ சாதாரணம், 20 கூடக் காணலாம். வெப்பத்திலோ நீண்ட ஓட்டத்திலோ அதே வேகத்தில் நேரம் போகப் போகத் துடிப்பு 10, 15 ஏறுவதும் இயல்பு. வியர்வையில் நீர் போய், தோலுக்கு ரத்தம் திரும்புவதால் அது நடக்கிறது. எண்ணைவிட நம்பகமான அளவு பேச்சு. முழு வாக்கியம் பேச முடிந்தால் எளிது, மூன்று நான்கு சொல்லில் மூச்சு வாங்கினால் மிதம், ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடினம்.

பயத்தைப் பற்றி எழுதாமல் இந்தப் பதில் முடியாது. உங்களுக்கு இப்போது ஓட்டத்தைக் கெடுப்பது அதுதான். நடப்பது இது: கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், 170 தெரிகிறது, ஏதோ தப்பு என்று மனம் சொல்கிறது, அட்ரினலின் பாய்கிறது, துடிப்பு 180 ஆகிறது, "பார், ஏறுகிறது" என்று அதே எண் சாட்சியாகிறது. நின்று திரும்புகிறீர்கள், ஐந்து நிமிடத்தில் அடங்குகிறது, திரும்பியதால்தான் தப்பித்தேன் என்று மூளை பதிந்துகொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. இது கோழைத்தனம் இல்லை. உடம்பின் சமிக்ஞையைத் தவறாகப் படிக்கக் கற்றுக்கொண்டது மட்டுமே, அதை மாற்றிக் கற்கலாம்.

ஆனால் பயம் என்ற பெயரை யாரும் அவசரமாக ஒட்டிவிடக் கூடாது. மேலறைகளில் தோன்றும் திடீர் வேகத் துடிப்பு உள்ள 107 பேரை ஆராய்ந்து 1997-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு பீதி நோயின் அளவுகோல்கள் பொருந்தின. பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதயக் கோளாறு பதற்றம் என்றே எழுதப்பட்டிருந்தது. பிரித்தறிய ஒரு வழி உண்டு. குழாய் அடைப்பால் வருவது உழைப்பின் அளவைப் பின்தொடரும், அதே மேட்டில் அதே வேகத்தில் திரும்பத் திரும்ப வரும். பயத்தால் வருவது முதல் சில நிமிடத்திலோ, தொடங்கும் முன்போ, உட்கார்ந்திருக்கும்போதோ வரும். வேறு பேச்சில் மூழ்கினால் மறையும், அதே நாளில் கடினமான வேகத்தில்கூட வராமல் போகும். துடிப்பு சட்டென்று 200 தாண்டி, சட்டென்று இறங்குகிறது என்றால் அந்த நேரத்து ஈசிஜி பதிவு கிடைக்கும்வரை மனத்தின் மேல் பழியைப் போடக் கூடாது.

சோதனைகள் தெளிந்து மருத்துவர் ஓடலாம் என்ற பிறகு செய்ய வேண்டியது, பயப்படும் உணர்வை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பது. ஒரு தாளில் எழுதுங்கள்: "ஒரு நிமிடம் வேகமாகப் படி ஏறினால் நெஞ்சு அடைத்து விழுவேன், நம்பிக்கை 70 சதவீதம்." ஏறுங்கள். நாடியைத் தொடாமல், உட்காராமல், கடிகாரம் பார்க்காமல் நின்றபடி துடிப்பு தானாக இறங்கட்டும். நடந்ததை அதே தாளில் அடுத்த வரியில் எழுதுங்கள். நாளுக்கு மூன்று முறை, இரண்டு வாரம். 70 என்று எழுதிய எண் 40, 20 என்று சரிவதைப் பார்ப்பதுதான் மருந்து. சமாதானம் சொல்லிக்கொள்வது வேலை செய்யாது. படியில் அடங்கிய பிறகு அதையே ஓட்டத்தில் செய்யுங்கள்.

இடையிடையே பயத்தைக் காப்பாற்றும் பழக்கங்களை ஒவ்வொன்றாக விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்து நாடியைத் தொடுவது, மருத்துவமனைக்குப் பக்கத்துச் சாலையில் மட்டும் ஓடுவது, சட்டைப் பையில் மாத்திரை வைத்துக்கொள்வது, நடுநடுவே நின்று பார்ப்பது எல்லாமே அந்த நேரத்துக்கு ஆறுதல் தந்து பயத்தை உயிரோடு வைத்திருப்பவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள், வாரம் ஒன்று போதும். கடிகாரத்தின் முகத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டு ஓடி, முடித்தபின் பார்க்கலாம். முடித்து அரை மணி நேரம் கழித்து அந்த ஓட்டம் எவ்வளவு கடினம் என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட்டு நிமிடத்தால் பெருக்கி எழுதுங்கள். 40 நிமிடம், 4 மதிப்பெண் என்றால் 160. வாரக் கூட்டல் சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொண்டால் பயிற்சிச் சுமையும் கட்டுக்குள் இருக்கும், எண்ணைப் பார்க்கும் ஆசைக்கும் ஒரு நல்ல எண் கிடைக்கும்.

பந்தயத்துக்கு முந்தைய படபடப்பை அடக்கப் போராடுவதைவிடப் பெயர் மாற்றுவது எளிது. பதற்றமும் உற்சாகமும் உடம்பில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். 2014-இல் வெளியான ஒரு தொடர் ஆய்வில், மேடையேறும் முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆறு வாரம் இப்படிச் செய்தும் ஓட்டத்தைத் தவிர்க்கவே மனம் தேடினால், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடம் போங்கள். வேகம் குறைந்தால் பயிற்சியாளரிடம் போவது எப்படி இயல்போ அப்படித்தான் இதுவும்.

பயிற்சிக்குத் திரும்பும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் பழைய தூரத்தில் பாதி, எல்லாமே பேச்சு வேகம். அடுத்த இரண்டு வாரம் முக்கால். ஐந்தாம் வாரத்திலிருந்து வாரம் ஒரே ஒரு கடின நாள்: 10 நிமிடம் மெதுவாக ஓடிச் சூடேற்றி, 4 நிமிடம் கடினமாக, 3 நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை, முடிவில் 10 நிமிடம் நடை. நேராகக் கடின நாளிலேயே தொடங்குபவர்களுக்குத்தான் தசையும் பயமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் சளி இருக்கும் நாட்களில் ஓடவே வேண்டாம். வைரஸ் கிருமி இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும்போது கடினமாக உழைப்பது துடிப்புச் சீர்கேட்டுக்கு வழி திறந்துவிடும். காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு வலியோ காரணமில்லாத மூச்சிரைப்போ இருந்தால் ஈசிஜியும், இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதத்தை அளக்கும் ட்ரோபோனின் சோதனையும் எடுக்காமல் கால் எடுத்து வைக்காதீர்கள். இதயத் தசை அழற்சி உறுதியானால் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு. மாறாக, மாரத்தான் முடித்த உடனே யாரோ ட்ரோபோனின் எடுத்து அது கூடியிருக்கிறது என்றால் உடனே கலங்க வேண்டாம். அறிகுறி இல்லாத பல ஓட்டக்காரர்களுக்கு அது ஏறி, ஓரிரு நாளில் இறங்கிவிடும்.

உங்களோடு ஓடுபவர்களிடம் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பேசி வையுங்கள். ஓடிக்கொண்டிருந்தவர் தடுக்காமலேயே சரிந்து விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல், மூச்சு இல்லாமல் அல்லது மீன் வாய் திறப்பதுபோல் எப்போதாவது ஒரு இழுப்பு மட்டும் இருந்தால், அது இதயம் நின்ற நிலை. கை கால் சில நொடி வெட்டி இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்துத் தாமதிப்பவர்கள் பலர். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் பேச, ஒருவர் இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் ஏஇடி கருவி தேடி ஓட, மற்றவர் மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்க வேண்டும், ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழம் போகாது. அமுக்கலும் இல்லாமல் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் சரிகிறது. மேலே சொன்ன 59 பேர் ஆய்விலும், உயிர் பிழைத்தவர்களைப் பிரித்துக் காட்டிய முக்கியமான ஒன்று பக்கத்தில் இருந்தவர் உடனே அமுக்கத் தொடங்கியது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே சரிந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் களத்திலேயே மீட்கப்பட்டு, உடலுக்குள் மின் அதிர்ச்சிக் கருவி பொருத்தி, அடுத்த ஆண்டே மறுபடி ஆடினார்.

அடுத்த எக்கோ எப்போது என்று கேட்பீர்கள். குடும்ப வரலாறு சுத்தம், உழைப்பு எக்கோ நன்றாக வந்தது, ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது என்றால் அடுத்த ஆண்டு ஒருமுறை போதும். அதே ஆய்வகம், முடிந்தால் அதே ஆள். கடின ஓட்டத்துக்கு மறுநாள் போகாதீர்கள். ஒரே இதயத்தை இரண்டு பேர் அளந்தாலே ஒரு மி.மீ. வித்தியாசம் வரும். அதனால் 12 அடுத்த ஆண்டு 13 ஆகியிருந்தால் முதலில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அந்தப் படங்களைக் கோப்பாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அச்சடித்த தாள் மட்டும் இருந்தால் அப்படி ஒப்பிட முடியாது.